நஞ்சை என்று அடித்துப் பாருங்கள்

சென்னை ரிச்சி தெருவில் அது நான்காவது கடை. பையன் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு கீபோர்டை எடுத்து, கல்லா மேசையில் இருந்த கணினியில் செருகி, “அடித்துப் பாருங்கள் அம்மா” என்றான். நான்கு விசைகளை அடித்தேன். திரையில் ஓர் அரைப்புள்ளி, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும் இரண்டு சதுர அடைப்புக்குறிகள், கடைசியில் ஆர் என்ற ஆங்கில எழுத்து. திரும்பவும் அதையே அடித்தேன். இரண்டு வரி முழுக்க அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக நிரம்பியதும் பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “அம்மாவுக்கு டைப் அடிக்கத் தெரியுமா?” என்று பணிவாகத்தான் கேட்டான்.

அவன் மேல் தப்பில்லை. அந்தக் கணினியில் தமிழ் மென்பொருள் இருந்திருந்தால் திரையில் நஞ்சை, நஞ்சை, நஞ்சை என்று வரிசையாக விழுந்திருக்கும். நான் கும்பகோணத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்க்கிறேன். கிரயம், அடமானம், தானசெட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று காலையிலிருந்து மாலைவரை அடிப்பதுதான் என் பிழைப்பு. டெல்டாவில் நஞ்சை நிலம் இல்லாத பத்திரம் ஏது? ஒரு நாளைக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அந்தச் சொல்லை அடிக்கிறேன். என் வலது சுண்டுவிரலைப் படுக்கவைத்ததும் அந்தச் சொல்தான்.

கீபோர்டு வாங்குவதற்கு முன் மதிப்புரைகளைப் படிக்காமல் இல்லை. இரண்டு மாதம் படித்தேன். எல்லோரும் எல்லா எழுத்தும் வருகிற, நரி நாயைத் தாண்டும் அந்த ஆங்கில வாக்கியத்தை அடித்துவிட்டு, சுகமாக இருக்கிறது, பஞ்சு போல இருக்கிறது என்று எழுதுகிறார்கள். அவர்கள் விரலுக்குச் சுகமாக இருக்கலாம். தமிழ் அடிக்கிற கை வேறு வழியில் போகிறது. எந்த விரலுக்கு எவ்வளவு வேலை என்ற கணக்கே மாறிவிடுகிறது. அதைப் பற்றி ஒருவர்கூட எழுதாததால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

நான் அடிப்பது தமிழ்99 அமைப்பு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்து பன்னிரண்டும் இடது கையில். மெய்யெழுத்தில் வ, ங இரண்டைத் தவிர மற்ற பதினாறும் வலது கையில். இடது ஆள்காட்டி விரல் இயல்பாகப் படுத்திருக்கிற இடத்தில் புள்ளி. எஃப் விசையில் ஒரு சின்ன மேடு இருக்குமே, அது தமிழில் அடிக்கிறவளுக்குப் புள்ளியின் மேடு. ஜே விசையின் மேடு ப. கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தால் புள்ளியும் ப-வும் முதலில் தட்டுப்படும். அமைத்தவர்கள் யோசித்துத்தான் அமைத்திருக்கிறார்கள். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. அம்மா என்பதற்கு நான்கே விசை.

ஆனால் வலது சுண்டுவிரலை மட்டும் கொஞ்சம் மறந்துவிட்டார்களோ என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்துகள் அந்த ஒரு விரலுக்கு. பதினெட்டு மெய்யில் மூன்றில் ஒரு பங்கு! அதோடு பேக்ஸ்பேஸ், என்டர், வலது ஷிஃப்ட். ஷ, ஜ, ஸ, ஹ நான்கும் இடது கைப் பக்கம் ஷிஃப்டோடு இருப்பதால், முறையாக அடிக்கப் பழகியவர்கள் வலது சுண்டுவிரலால்தான் ஷிஃப்டை அழுத்துவார்கள். பத்திரத்தில் மூச்சுக்கு முந்நூறு தடவை வருகிற ‘ஷை’ (மேற்படி என்று பொருள்) அங்கே நிற்கிறது. ஷை சொத்து, ஷையார், ஷை நஞ்சை. இப்போது நஞ்சையை மெதுவாக அடித்துப் பாருங்கள். ந, ஞ, ச மூன்றும் வலது சுண்டுவிரல். கடைசியில் வருகிற ஐ மட்டும் இடது கை. இருக்கிற விரல்களில் நோஞ்சானுக்கு மூட்டை தூக்குகிற வேலை.

கடையில் நான் செய்தது இந்தச் சோதனையைத்தான். ஒரு கீபோர்டு தமிழுக்குச் சுகமா இல்லையா என்று தெரிந்துகொள்ள, ‘நஞ்சை’யை இருபது தடவை வேகமாக அடித்தால் போதும். விரல் தடுமாறுகிறதா, பக்கத்து விசையில் இடிக்கிறதா, மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைகிறதா என்று சொல்லிவிடும்.

நான் தட்டச்சுக் கற்றது 1992-இல். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அப்பா கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். காலை ஆறு மணி பேட்ச். முதல் பாடம் ‘யளனகபக ட்மதாத’. தமிழ் டைப்ரைட்டர் பழகிய யாரிடம் வேண்டுமானாலும் இந்த இரண்டு சொல்லைச் சொல்லிப் பாருங்கள், விரல் தானாக அசையும். அந்தப் பொறியில் புள்ளி, நகராத விசை. புள்ளியை முதலில் அடித்தால் காகிதம் நகராமல் நிற்கும். அப்புறம் எழுத்தை அடித்தால் புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். அந்தப் புள்ளியும் வலது சுண்டுவிரலில்தான் இருந்தது. ஆக, என் சுண்டுவிரலின் கஷ்ட காலம் பதினெட்டு வயதிலேயே தொடங்கிவிட்டது. இருந்தும் அப்போது வலித்ததில்லை. வயதுதான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். மேசையும் காரணம் என்று இப்போது தெரிகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

2010-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறையை ஏற்ற பிறகு, எங்கள் பத்திர எழுத்தர் ஐயாவும் பழைய எழுத்துருக்களைக் கைவிடலாம் என்றார். பழைய டைப்ரைட்டர் முறையிலேயே யூனிகோடிலும் அடிக்க வழி இருந்தது. நான்தான் வீம்புக்குத் தமிழ்99-க்கு மாறினேன். புள்ளியை முன்னால் வைத்துப் பழகிய கை அதைப் பின்னால் வைக்கப் பழக மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஐயா வாங்கிக் கொடுத்தது டிவிஎஸ் கோல்டு. வங்கிக் கவுண்டரில் டக் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்களே, அந்தக் கீபோர்டுதான். உள்ளே இருப்பது ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து நீல ஸ்விட்ச். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஸ்விட்சு, தனித்தனி ஸ்பிரிங். மலிவுக் கீபோர்டுகளில் விசைகளுக்கு அடியில் ரப்பர் தாள் ஒன்று இருக்கும். அடித்தட்டு வரை அழுத்தினால்தான் எழுத்து விழும். இதில் பாதி வழியிலேயே ஒரு சொடுக்குக் கேட்கும், எழுத்து விழுந்துவிடும். விரலுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் தகவல் போய்விடுவதால், திரையைப் பார்க்காமல் மூலப் பத்திரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு அடிக்கலாம். பதிமூன்று வருடம் அடித்தேன். இன்றைக்கும் அதில் ஒரு விசைகூடப் போகவில்லை. எழுத்துதான் சிலவற்றில் அழிந்திருக்கிறது. எனக்கு அது தேவையுமில்லை. அந்தச் சத்தத்தில் இன்னொரு சௌகரியம் ஐயாவுக்கு. அவர் முன் அறையில், பத்திரம் எழுத வருகிற கட்சிக்காரர்களிடம் பேசிக்கொண்டிருப்பார். சத்தம் வந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். இரண்டு நிமிடம் சத்தம் நின்றால் கதவருகே தலை தெரியும்.

கோல்டை நான் குறை சொல்லவே மாட்டேன். அதன் ஸ்விட்சு கொஞ்சம் கனம், அவ்வளவுதான். செர்ரியின் கணக்குப்படி நீல ஸ்விட்சை இறக்க ஏறக்குறைய 60 கிராம் அழுத்தம் வேண்டும். அவர்களுடைய இலேசான வகையான சிவப்பு ஸ்விட்சுக்கு 45. வித்தியாசம் பதினைந்து கிராம், மூன்று தேக்கரண்டி சர்க்கரைக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு பக்கத்துக்கு எத்தனை விசை அடிக்கிறேன் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்: 1500 சொச்சம். நாளைக்கு இருபது பக்கம் என்றால் முப்பதாயிரம். முகூர்த்த நாளுக்கு முன்தினம் நாற்பதாயிரத்தைத் தொடும். தேக்கரண்டி கணக்கு அங்கே மூட்டைக் கணக்காகிவிடுகிறது.

போன வருடம் ஆடி மாதம் வலி தொடங்கியது. ஆடியில் பதிவு குறைவு. வேலை குறைந்த மாதத்தில் வலி வந்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது. சுண்டுவிரல் அடியிலிருந்து மணிக்கட்டின் வெளிப்பக்கம் வழியாக முழங்கை வரை ஒரு கம்பி இழுப்பது போல. தோசைக் கரண்டியைத் திருப்பும்போது தெரியும். தைலம், ஒத்தடம், பக்கத்து வீட்டு வைத்தியம் எல்லாம் முடிந்து, ஓர் இயன்முறை மருத்துவரிடம் போனேன். சின்னப் பெண். கையைப் பார்ப்பதற்கு முன் மேசையைப் பார்க்க வேண்டும் என்றாள். மறுநாள் மேசையைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

இரண்டு விஷயம் சொன்னாள். கீபோர்டுக்குப் பின்னால் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கின்றனவே, அவற்றை மடக்கி வையுங்கள் என்றாள். பதிமூன்று வருடமாக அவற்றை நிமிர்த்தி வைத்திருந்தேன்! நிமிர்த்தினால் விசைகள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், உண்மைதான். ஆனால் கை மேல்நோக்கி மடங்கியே இருக்கும். முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக இருக்க வேண்டும் என்றாள். இரண்டாவது, மவுஸ். கீபோர்டுக்கு வலது ஓரத்தில் எண்தட்டு இருப்பதால் மவுஸ் அதற்கும் அப்பால் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் கை வெளியே போய்த் திரும்புகிறது. ஏற்கெனவே களைத்த பக்கத்துக்குக் கூடுதல் தண்டனை.

கால்களை அன்றைக்கே மடக்கினேன். செலவில்லாத வைத்தியம், ஒரு வாரத்தில் கால்பங்கு வலி போயிற்று. இதைப் படிக்கிற நீங்கள் கீபோர்டு வாங்குகிறீர்களோ இல்லையோ, அந்தக் கால்களை மடக்கிவிட்டு அப்புறம் மேலே படியுங்கள்.

அதன் பிறகுதான் தேடல். முதலில் அவசரப்பட்டு ஒரு வயர்லெஸ் கீபோர்டை வாங்கினேன். பெயர் வேண்டாம். மெல்லியது, விசைகள் மடிக்கணினியில் இருப்பதுபோல் தட்டை, அழுத்தவும் இலேசு. நான்கு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ச விசை ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை விழத் தொடங்கியது. ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு ஓர் எழுத்து கூடும், உடனே கண்ணில் படும். தமிழ்99-இல் என்ன ஆகும் தெரியுமா? இரண்டு ச சேர்ந்தால் முதல் ச-வுக்குப் புள்ளி தானே விழும். சொத்து, ‘ச்சொத்து’ ஆகிவிட்டது. சந்தியில் வருகிற ஒற்றுப்போலவே இருப்பதால் கண் நழுவிவிட்டது. “ச்சொத்து விவரம்” என்று தலைப்புப் போட்ட பத்திரத்தைக் கட்சிக்காரர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார், நல்லவேளையாகக் கையெழுத்துக்கு முன். விற்ற கடைக்காரர் பில்லைக் கேட்டார், பில் இருந்தது. பெட்டியைக் கேட்டார், பெட்டியில் என் மருமகள் வளையல் போட்டு வைத்திருந்தாள். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

அடுத்து, எண்தட்டே இல்லாத குட்டிக் கீபோர்டு ஒன்றை ஒரு வாரத்துக்கென்று கடன் வாங்கிப் பார்த்தேன். இளவட்டங்கள் மேசையில் இப்போது இதுதான் அழகு. அதன் அளவைச் சுருக்க வேண்டும் என்பதற்காக வலது ஓரத்து விசைகளைத்தான் வெட்டியிருக்கிறார்கள். சாதாரணமாக விசைக்கு விசை நடு இடைவெளி 19 மில்லிமீட்டர். இதில் வலது ஷிஃப்டைக் குறுக்கி, சாய்கோட்டு விசையை ஒடுக்கி, இடையில் மேல் அம்புக்குறியை நுழைத்திருந்தார்கள். சாய்கோட்டு விசையில் இருப்பது ழ. கிழக்கு என்று அடிக்கப் போனால் விரல் அம்புக்குறியில் விழுந்து, கர்சர் மேல் வரிக்கு ஓடி, மிச்ச எழுத்து யாருடைய பெயருக்கு நடுவிலோ போய் உட்காரும். நான்கெல்லை எழுதாமல் பத்திரம் இல்லை. கிழக்கு இல்லாமல் நான்கெல்லை இல்லை. மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தேன். ஆங்கிலம் அடிப்பவர்களுக்கு அந்த ஓரம் நிறுத்தக்குறிகள் கிடக்கிற கொல்லைப்புறம். நமக்கு அது நடுவீடு. வாங்கும்போது அந்த மூலையை ஓர் அளவுகோல் வைத்து அளக்கக்கூட வெட்கப்பட வேண்டாம்.

உறவில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனபோது, வேளச்சேரியில் அண்ணன் மகன் வீட்டில் தங்கினேன். அவன் மென்பொருள் வேலையில் இருக்கிறான், வீட்டிலிருந்தபடியே. அவன் மேசையில் லாஜிடெக் எர்கோ கே860. நடுவில் மேடாக எழும்பி, இரண்டு பக்கமும் சரிந்து, பறவை சிறகை விரித்ததுபோல் இருக்கும். முன்னால் மெத்தென்ற கைத்தாங்கி. இதற்கும் குட்டிக் கால்கள் உண்டு, ஆனால் முன்பக்கத்தில். முன்னால் தூக்கிப் பின்னால் தாழ்த்துகிறது. அந்த மருத்துவப் பெண் சொன்னதை யாரோ கேட்டுச் செய்ததுபோல் இருந்தது. இரண்டு நாள் அதில் அடித்தேன். தமிழ்99-க்கு இந்தப் பிளவு பொருத்தம்: உயிர் ஒரு சிறகில், மெய் ஒரு சிறகில். கை தோளிலிருந்து நேராக இறங்குகிறது, மணிக்கட்டு வளைவதே இல்லை. “எடுத்துக்கொண்டு போங்கள் அத்தை, நான் வேறு வாங்கிக்கொள்கிறேன்” என்றான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதிலும் எண்தட்டு வலது பக்கத்தோடு ஒட்டியே இருக்கிறது; நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் அகலம். என் மேசையின் இடது பாதி மூலப் பத்திரங்களுக்கும் வில்லங்கச் சான்றுகளுக்கும் உரியது. மவுஸை ஐயாவின் அறையில்தான் வைக்க வேண்டியிருக்கும். விலையும் பத்தாயிரத்துக்கு மேல். மேசை பெரிதாக இருக்கிறவர்கள், வீட்டிலிருந்து எழுதுகிற மொழிபெயர்ப்பாளர்கள், யோசிக்காமல் இதை வாங்கலாம்.

ரிச்சி தெருவுக்கு நான் போனது கல்யாணத்துக்கு மறுநாள். ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். விரலை வைத்துப் பார்க்க இடம் தருவது இந்தத் தெருதான். மூன்று கடைகளில் பெட்டியைப் பிரிக்க மாட்டோம் என்றார்கள். நான்காவது கடைப் பையன்தான், சந்தேகப்பட்டாலும் சளைக்காமல், ஐந்து கீபோர்டுகளை மாற்றி மாற்றிச் செருகிக் கொடுத்தான். நான் எதற்கு அந்த நான்கு விசைகளையே அடிக்கிறேன் என்று விளக்கினேன். கைப்பேசியில் தமிழ் எழுத்துகளின் படத்தை எடுத்துக் காட்டினேன். “அப்படியென்றால் சிவப்பு வேண்டாம் அம்மா, பிரவுன் பாருங்கள்” என்றான். சரியாகத்தான் சொன்னான். சிவப்பு ஸ்விட்சு இலேசு, ஆனால் வழவழவென்று இறங்கிவிடும். விரலைச் சும்மா வைத்தாலே எழுத்து விழுந்துவிடுமோ என்று கையைத் தூக்கிப் பிடிக்கத் தோன்றும். தூக்கிப் பிடித்தால் தோள் வலிக்கும். பிரவுனில் நீலத்தின் சொடுக்குச் சத்தம் இல்லை. பாதி வழியில் ஒரு சின்ன இடறல் மட்டும் விரலுக்குத் தெரியும். கனமும் இரண்டுக்கும் நடுவில்.

வாங்கியது கீக்ரான் சி1, பிரவுன் ஸ்விட்சு. எண்பத்தேழு விசைகள். எண்தட்டு கிடையாது, ஆனால் மற்ற விசைகள் எல்லாம் முழு அளவில், அதது இருக்க வேண்டிய இடத்தில். ச, ஞ, ய, ழ நான்கும் தலை நிமிர்ந்து நிற்கின்றன, வலது ஷிஃப்டு நீளமாகக் கிடக்கிறது. வயர் உள்ளது, பாட்டரி மாற்றுகிற தொல்லை இல்லை. ஐந்தாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன்.

ஊருக்கு வந்து செருகியதும் ஒரு கூத்து. என் கணினியில் ஆல்ட்டோடு 1 அழுத்தினால் தமிழுக்கு மாறும். அழுத்தினேன். தமிழ் வரவில்லை, பிரவுசர் திறந்துகொண்டது. மூடினேன். திரும்ப அழுத்தினேன். திரும்பவும் பிரவுசர். ஐயாயிரம் போயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன். எங்களிடம் வேலை பழகுகிற சின்னப் பெண்தான் கீபோர்டைத் தூக்கி, அதன் பின் விளிம்பைப் பார்த்து, “அக்கா, இதில் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கிறது” என்றாள். மேக், விண்டோஸ் என்று இரண்டுக்கும் பொருந்துகிற கீபோர்டு அது. பொத்தான் மேக் பக்கம் இருந்தது. மேக் பக்கம் இருந்தால் ஆல்ட்டும் விண்டோஸ் விசையும் இடம் மாறிக்கொள்ளும். தள்ளிவிட்டாள், தமிழ் வந்தது. கையேட்டைப் படிக்காத குற்றம் என்னுடையது.

இனி எண்தட்டு. அது இல்லாமல் பத்திரம் அடிக்க முடியாது. சர்வே எண், ஹெக்டேர் ஏர்ஸ், சதுர அடி, கிரயத் தொகை, ஆதார் என்று பக்கம் முழுக்க எண்கள். அது மட்டுமல்ல. சர்வே எண் 114/2 என்று அடிக்க வேண்டும். தமிழ்99-இல் சாய்கோட்டு விசையை அழுத்தினால் ழ அல்லவா வரும்? எண்தட்டில் இருக்கிற சாய்கோடு என் கணினியில் சாய்கோடாகவே விழுகிறது. அதனால் தனியாக ஒரு யுஎஸ்பி எண்தட்டு வாங்கினேன், அறுநூறு ரூபாய். அதை இடது பக்கம் வைத்துக்கொண்டேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உயிரெழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓய்வாக இருக்கிற கை இடது கை. எண்களை அதன் தலையில் கட்டினால் என்ன?

பழக இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் கண்ணாடியில் பார்த்து அடிப்பதுபோல் இருந்தது. 74 என்று நினைப்பேன், 96 விழும். வலது கையில் ஆள்காட்டி விரல் 4-இல் நிற்கும். இடது கையில் அது 6-இல் நிற்கிறது. விரல் பழைய ஞாபகத்தில் போய்விடுகிறது. பத்திரத்தில் தொகையை எண்ணால் எழுதி எழுத்தாலும் எழுதுகிற வழக்கம் எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் புரிந்தது. சர்வே எண்களை மட்டும் அந்தப் பதினைந்து நாளும் சின்னப் பெண்ணை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். இப்போது இடது கை எண் அடிக்க, வலது கை மவுஸைப் பிடித்திருக்க, எக்செல் வேலை முன்பைவிட விரைவாக ஓடுகிறது. மவுஸும் ஏறக்குறைய ஒரு சாண் உள்ளே வந்துவிட்டது.

இந்த வகைக் கீபோர்டுகளுக்கு எல்லாம் பொதுவான ஒரு சங்கடம், முன் விளிம்பின் உயரம். தனித்தனி ஸ்விட்சு வைத்தால் உயரம் வந்தே தீரும். மேசையில் மணிக்கட்டை ஊன்றினால் கை மறுபடியும் மேல்நோக்கி மடங்கும். ரப்பர் மெத்தை போன்ற கைத்தாங்கிகள் விற்கிறார்கள். நம் ஊர் வியர்வையில் அவை ஒரு மாதத்தில் பிசுபிசுக்கும். தெருமுனைத் தச்சரிடம் தேக்குத் துண்டு ஒன்றைக் கொடுத்து, கீபோர்டின் நீளத்துக்கு அறுத்து, ஓரத்தை உருட்டி, இழைத்து வாங்கினேன். நூற்றைம்பது ரூபாய். அடிக்கும்போது அதில் கையை அழுத்தக் கூடாது. அடிப்பதை நிறுத்திப் படிக்கும்போது மட்டும் சாய்த்துக்கொள்ள வேண்டும். இதுவும் அந்த மருத்துவப் பெண் சொன்னதுதான்.

மேசை விஷயம் சொல்கிறேன் என்றேன். தட்டச்சுப் பள்ளியில் பொறி வைத்திருந்த மேசைகள் குட்டையாக இருக்கும். உட்கார்ந்தால் முழங்கையும் விசையும் ஒரே மட்டத்தில் வரும். அலுவலக மேசைகள் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதற்காகச் செய்த உயரம். என் உயரத்துக்கு அது நெஞ்சுக்கு அருகில் வருகிறது. மேசைக் காலை அறுக்க ஐயா சம்மதிக்கவில்லை, அவர் அப்பா காலத்து மேசையாம். நாற்காலியை உயர்த்தினேன். கால் தொங்கியது. வீட்டிலிருந்து பழைய மணைப்பலகை ஒன்றைக் கொண்டுவந்து காலுக்கடியில் போட்டேன். கீபோர்டுக்குக் கொடுத்த ஐயாயிரத்தில் பாதிப் பலன் இந்த மணையால் வந்தது என்று சொன்னால், கீக்ரான்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆறு மாதம் ஆகிறது. வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். முகூர்த்தத்துக்கு முன்தினம் மாலையில் எட்டிப் பார்க்கும். தோசைக் கரண்டியைத் திருப்ப முடிகிறது. விசைகளுக்கு அடியில் விளக்கு எரிகிறது. பகலில் அது யாருக்கு வெளிச்சம் என்று தெரியவில்லை, அணைத்து வைத்திருக்கிறேன். மின்விசிறியும் தெருப்புழுதியும் சேர்ந்து இடுக்குகளை நிரப்புவதால், சனிக்கிழமைதோறும் ஓர் அங்குல பெயிண்ட் பிரஷ்ஷால் துடைக்கிறேன். தட்டையான ரப்பர் தாள் கீபோர்டுகளில் இந்த வேலை குறைவு. விசைகளில் தமிழ் எழுத்து கிடையாது. வேண்டுமென்பவர்கள் ஒட்டுவில்லை வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு இரண்டு கடிதம் அடிக்கிறவர்களுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமே தேவையில்லை. அறுநூறு, எழுநூறு ரூபாய்க்கு ஒரு சாதாரண வயர் கீபோர்டு வாங்கி, கால்களை மடக்கி வைத்தால் போதும்.

கோல்டை எறியவில்லை. எறிவேனா? சின்னப் பெண்ணின் மேசைக்குப் போயிருக்கிறது. அழிந்த எழுத்துகள் மேல் தமிழ் ஒட்டுவில்லைகளை ஒட்டிக்கொடுத்தேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது, அறுபது கிராம் அவளை ஒன்றும் செய்யாது. ஆனாலும் பின்கால்களை மடக்கித்தான் கொடுத்தேன். மூன்று மணிக்கு மேல் அவள் பழைய பத்திரங்களைப் பார்த்து அடித்துப் பழகுகிறாள். டக் டக் டக் என்று அறை முழுக்கச் சத்தம். நான் அந்த நேரத்தில் தேக்குக் கட்டையில் கையைச் சாய்த்துக்கொண்டு சற்றுக் கண்ணை மூடுகிறேன். முன் அறையில் ஐயா நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.